நேராகத்தான் வைத்தேன்

எங்கள் ஏரிக்கரையில் ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை காட்டுகிற கண்ணாடி என் சலூனில் மட்டும்தான் இருக்கிறது. கிசுமு நகரத்திலிருந்து மீன் லாரியில், காலிப் பெட்டிகளுக்கு நடுவே நானும் உட்கார்ந்து, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தது. அதில் யாராவது விரல் வைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி, ஒபூயாவின் இரண்டு கால்களுக்கு நடுவே தரையில் நிறுத்தினேன் என்றால், அவன் எனக்கு எவ்வளவு வேண்டியவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கால் என்றா சொன்னேன்? பழக்கதோஷம். அவனுக்கு இருந்தது ஒன்றரைதான்.

ஒபூயா தூண்டில்காரன். வலை போடுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். "வலையில விழுறது மீனோட விதி, தூண்டில்ல விழுறதுதான் நம்ம கைவரிசை" என்பான். கயிற்றை விரலிடுக்கில் விட்டுக்கொண்டு, அடியில் கடிப்பது பெரிய மீனா, பொடியா, பாறையில் மாட்டியிருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். அவனோடு படகில் போவது தம்பி ராகோத். அண்ணன் வாய் ஓயாது. தம்பி வாயைத் திறக்கமாட்டான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. அவன் வார்த்தையை எண்ணித்தான் பேசுவான். அண்ணனுக்காகச் செய்வதை மட்டும் எண்ணிப் பார்க்கமாட்டான்.

ஒரு நாள் காலையில் மீனோடு வந்து சேர்ந்த இரண்டு படகுகளுக்கு நடுவே ஒபூயாவின் இடது பாதம் மாட்டிக்கொண்டது. அலை தள்ளத் தள்ளப் பலகைகள் நெரித்தன. எடுத்தபோது பாதம் பாதமாக இல்லை. பெருவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. புண் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஒபூயா தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"ராகோத், என் காலை இங்கயே விட்டுட்டு வந்துடாதே. வீட்டுக்குக் கொண்டுபோய், நாளைக்கு நான் செத்தா படுக்கப்போற எடத்துல பொதைச்சு வை. நான் வர்றவரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்கட்டும்."

"சரிண்ணே."

"கோணலா வெச்சிடாதே. நேரா வை."

"சரிண்ணே."

நான் அன்றே கரைக்குத் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் ராகோத் துணி சுற்றிய ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். அண்ணன் வீட்டுக்கு வலது பக்கம், வீட்டு ஆணைப் புதைக்கிற இடத்தில், அவனே குழி தோண்டினான். யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. பெட்டியை வைத்தான், மூடினான், மேலே கல் அடுக்கினான். ஒபூயாவின் மனைவி ஆலோ ஓரமாக நின்று அழுதாள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்பார்கள்? கால் என்றால் கால்.

ஒபூயா ஊன்றுகோலோடு வீடு வந்ததும், வாசலில் வைத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நேராக அந்த மேட்டுக்குத்தான் போனான்.

"நேரா வெச்சியா?"

"நேராத்தான் வெச்சேன், அண்ணே."

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆலோ உகாலிக் களிச் சட்டியைக் கீழே வைத்தால், "ஏ, கால் மேல வைக்காதடி, சுடுது!" என்று கத்துவான். வெறும் தரையில் சட்டி உட்கார்ந்திருக்கும். அவள் சட்டியைத் தள்ளி வைப்பாள். என் சலூனில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, இல்லாத கணுக்காலைச் சொறியக் குனிவான், கை காற்றில் அலையும், வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். "இல்லாத காலுக்கும் சேர்த்துச் செருப்பு வாங்கணும் போல இருக்கு, ஓயூகி" என்பான் என்னைப் பார்த்து.

பிறகு சிரிப்பு போய்விட்டது. பெருவிரல் மடங்கிவிட்டது என்றான். படகுகளுக்கு நடுவே மாட்டியபோது எப்படி மற்ற விரல்களுக்கு அடியில் சுருண்டு கிடந்ததோ அப்படியே இப்போதும் கிடக்கிறது, விரிக்க முடியவில்லை, எலும்பு எலும்பாக நெரிகிறது என்றான். ஆலோ அந்த வெற்றிடத்தில் எண்ணெய் தடவுகிற மாதிரி கையை ஓட்டுவாள். பிரியத்தில் செய்வதுதான். பாவம், காற்றுக்கு எண்ணெய் தடவி என்ன ஆகும்? பேசிப் பேசியே எங்களைக் கொல்லுகிற மனிதன், பல்லைக் கடித்துக்கொண்டு மரம் போல உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

காரணம் கரையில் எல்லோருக்கும் தெரியும். பெட்டி சின்னதாக இருந்திருக்கும். ராகோத் காலை மடக்கித் திணித்திருப்பான். மண்ணுக்குள் விரல் சுருண்டு கிடக்கிறது. தோண்டி எடுத்து நேராகப் படுக்க வைத்தால் வலி நின்றுவிடும். தோண்டி நேராக்கிய கைகளைப் பற்றி, கால்களைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? வலி அந்த இடத்தில்தானே இருக்கிறது என்கிறான். அந்த இடமோ மண்ணுக்குள் இருக்கிறது.

"தோண்டிப் பார்த்துடலாம்டா" என்றான் ஒபூயா.

"வேணாம்ணே. பொதைச்சதைத் தோண்டக்கூடாது."

"விரல் நெரியுதுடா! உனக்கா வலிக்குது?"

"நேராத்தான் வெச்சேன்ணே."

இப்படியே மழைக்காலம் முழுவதும் போனது. அண்ணன் கேட்பான், தம்பி அதே வார்த்தையைச் சொல்வான், கேட்டுக் கேட்டு அண்ணனுக்கும் சந்தேகம் முளைத்தது. மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்காக மண்வெட்டிக்குப் பயப்படுகிறான்? கரையில் நாக்குகள் சும்மா இருக்குமா? மந்திரவாதியிடம் காலை விற்றுவிட்டான் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அவளை நான் சலூன் வாசலிலிருந்தே விரட்டினேன்.

ராகோத் ஏரிக்குப் போயிருந்த ஒரு காலையில், ஒபூயா இரண்டு ஆட்களைப் பிடித்துத் தோண்ட வைத்தான். எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தான். கல்லை எடுத்தார்கள், மண்ணை எடுத்தார்கள், பெட்டி வந்தது. ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஒபூயா தரையில் உட்கார்ந்து, தானே துணியைப் பிரித்தான்.

உள்ளே ஒரு யாகோக் காய் இருந்தது.

எங்கள் ஜனத்துக்கு அந்தக் காய் இருக்கிற இடத்தைப் பொறுத்துத்தான் பயம். மரத்தில் தொங்கினால் அது வெறும் காய், முழங்கை நீளத்துக்குப் பருத்துத் தொங்கும், யாருக்கும் அதில் பயம் இல்லை. துணியில் சுற்றி மண்ணுக்குள் இருந்தால் கதை வேறு. ஏரியில் மூழ்கி உடல் கிடைக்காமல் போனவனுக்குத்தான் யாகோவைப் புதைப்போம். பெயர் சொல்லி அழுது, ஆள் என்றே நினைத்துப் புதைப்போம். உயிரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு யாரும் யாகோ வைத்ததாக நான் கேட்டதே இல்லை.

தோண்டிய ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஆலோ வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, ராகோத் தோளில் துடுப்போடு வேலிக்குள் நுழைந்தான். பெட்டியைப் பார்த்தான். துடுப்பை மெதுவாக இறக்கி வைத்தான்.

"எங்கடா என் கால்?"

"நான் போறதுக்குள்ள எரிச்சிட்டாங்கண்ணே." அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரியில வெட்டினதை எல்லாம் அன்னைக்கே உலையில போட்டுடுவாங்களாம். கேட்டதுக்கு, இப்ப வந்து கேக்குறியேன்னு திட்டினாங்க. சாம்பலாவது குடுங்கன்னேன். எல்லாருதும் ஒண்ணாக் கெடக்கு, எதைன்னு எடுக்கிறதுன்னாங்க."

"அதுக்கு?"

"நீ கண்ணு முழிச்சதும் கால் எங்கன்னு கேப்பேன்னு தெரியும். வெறுங்கையோட எப்படி வர்றது? தொலைஞ்சுபோன உடம்புக்கு யாகோ வைக்கிறோமே, தொலைஞ்சுபோன காலுக்கு வைக்கக்கூடாதான்னு நெனைச்சேன். வழியில மரம் இருந்துச்சு." பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "நேராத்தான் வெச்சேன், அண்ணே" என்றான்.

இந்தப் பிள்ளையை என்ன சொல்வது? யாரிடமும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேண்டாமடா, சும்மா மண்ணை மூடிவிடு என்று சொல்லியிருப்பார்கள். அண்ணன் முகம் வாடக்கூடாது என்கிற ஒரே நினைப்பில், செத்தவனுக்குச் செய்வதை உயிரோடிருப்பவனுக்குச் செய்துவிட்டான்.

ஒபூயா கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னைச் செத்தவனாக்கி மூடிட்டே. எனக்கு ஏன் வலிக்காது? நான் பாதி அங்க இருக்கேனே." காயைத் தள்ளிவிட்டான். "ராகோத், கேட்டுக்க. நான் சாகும்போது நீ வராதே. என் மேல ஒரு பிடி மண்ணு உன் கையால விழக்கூடாது."

எங்களுக்குள் இதைவிடக் கொடிய வார்த்தை கிடையாது. அடித்திருந்தால் ராகோத் வாங்கிக்கொண்டிருப்பான். அவன் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த வாரமே ஏரி நடுவில் இருக்கிற தீவுக்குப் போய், அங்கே ஓமேனா என்கிற பொடிமீன் பிடிக்கிற படகொன்றில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

புதைத்த யாகோவைத் தூக்கி எறிய யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆலோ அதே துணியில் சுற்றிக் குதிருக்குள் ஒரு மூலையில் வைத்தாள்.

இனிமேல்தான் விசித்திரம். கால் உலையில் எரிந்தது என்று தெரிந்த நாளிலிருந்து ஒபூயாவுக்குக் கால் எரிய ஆரம்பித்தது. விரல் நெரிவது ஒரு பக்கம், பாதம் முழுக்கத் தணலில் வைத்த மாதிரி எரிச்சல் இன்னொரு பக்கம். ஒரு குடம் தண்ணீரை வெறும் தரையில் ஊற்றச் சொல்வான். ஆலோ ஊற்றுவாள். தரை நனையும், அவன் அழுவான்.

கடைசியில் ஆலோதான் அவனை இழுத்துக்கொண்டு எங்கள் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே கெமுன்டோ என்று புதிதாக ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்திருந்தாள். கிசீ மலைக்காரி. வாழைத்தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஏரிக்காரன் வலி எப்படித் தெரியும் என்று ஒபூயா முனகிக்கொண்டே போனானாம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: இங்கே ஆளுயரக் கண்ணாடி யாரிடம் இருக்கிறது?

அப்படித்தான் மூன்று பேரும் என் சலூனுக்குள் வந்து நின்றார்கள்.

"கண்ணாடியைக் கழட்டணும்" என்றாள் கெமுன்டோ.

"கழட்டுறதா? அம்மா, இது பஸ் டிக்கெட்டா கிழிச்சுக் குடுக்க? உடைஞ்சா யார் பொறுப்பு?"

"உங்க சிநேகிதருக்கு வலி போகணுமா, வேணாமா?"

"கால் போனவனுக்குக் கண்ணாடியில என்ன வைத்தியம்? சுளுக்கு எடுக்கிறவங்ககூட எண்ணெயாவது கேப்பாங்க."

அவள் என்னை முறைத்தாள். பிறகு சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்காரச் சொன்னாள். என் கடையில் என்னையே! உட்கார்ந்தேன். முதுகில் எதையோ வைத்து, "எத்தனை குச்சி?" என்றாள்.

"ஒண்ணு."

"இப்போ?"

"ஒண்ணுதான்."

வரிசையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் கையில் இரண்டு விரல் இடைவெளியில் இரண்டு தீக்குச்சி இருந்தது. அதே இரண்டையும் பாதிக்கும் குறைவான இடைவெளியில் என் விரல் நுனியில் வைத்தாள். இரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன்.

"முதுகுல ரெண்டு குச்சிதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணுன்னு சத்தியம் பண்ணுவீங்க. ஏன்னா குச்சி முதுகுல குத்தினாலும், குத்துதுன்னு தெரியுறது இங்க." என் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். "முதுகுல இருந்து இங்க வர்ற நரம்பு கொஞ்சம். விரல்ல இருந்து வர்றது ஏகப்பட்டது. நரம்பு என்ன சொல்லுதோ அதைத்தான் மூளை நம்பும். அது எட்டிப் பார்க்கவா முடியும்?"

ஒபூயா முதல்தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பாதத்துல ஒண்ணு பட்டா, சுட்டா, குத்தினா, அந்தச் சேதி நரம்பு வழியா கால்ல ஏறி, முதுகுத்தண்டுக்குள்ள நுழைஞ்சு, மறுபக்கமாத் தாண்டி மேல போகுது. மூளையில ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எடம் இருக்கு. எடது பாதத்துக்கு வலது பக்கம். அண்ணே, உங்க பாதத்தை வெட்டினாங்க. அந்த எடத்தை யாரும் வெட்டலை. அது இன்னும் சேதிக்குக் காத்துக்கிட்டு இருக்கு. வெட்டின நரம்போட நுனி இங்க முழங்கால்கிட்ட சும்மா இல்லாம துடிக்குது. துடிச்சா, மேல இருக்கிற எடம் என்ன நெனைக்கும்?"

"பாதம் கூப்பிடுதுன்னு நெனைக்கும்" என்றான் ஒபூயா மெதுவாக. தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டான். "ஆழத்துல போட்ட தூண்டில் நடுவுலயே அறுந்துபோய், அறுந்த நுனி எதுலயாவது மாட்டி ஆடினாலும், கைக்கு என்னவோ முள்ளுல மீன் கடிக்கிற மாதிரிதான் இருக்கும். எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்."

"அவ்வளவுதான்ணே! நான் ஒரு மணி நேரம் சொல்றதை நீங்க ஒரு கயித்துல சொல்லிட்டீங்க."

"மீன் இல்லைன்னு தெரிஞ்சும் கை நம்புதே அம்மா. என்ன பண்றது?"

"கை நம்பட்டும். கண்ணுக்கு வேற ஒண்ணைக் காட்டுவோம்."

கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கச் சொல்லித்தான் இறக்கினேன். ஒபூயா நாற்காலியில் உட்கார்ந்து கால் நீட்ட, கண்ணாடியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அவன் கால்களுக்கு நடுவே நிறுத்தினோம். முகம் பார்க்கும் பக்கம் வலது காலைப் பார்த்திருந்தது. குறைக்கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. குனிந்து பார்த்தால் இரண்டு முழுக்கால்கள். ஆலோ "ஐயோ" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு காலுலயும் விரலை இறுக்கி மடக்குங்க. கண்ணாடியில பாருங்க. இப்ப ரெண்டையும் மெதுவா விரிங்க."

ஒபூயா விரித்தான். கண்ணாடிக்குள் இடது பாதத்தின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. இன்னும் ஒரு முறை. இன்னும் ஒரு முறை. அவன் முகத்தில் வியர்வை. திடீரென்று வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"வெளிய வந்துடுச்சு, ஓயூகி! பெருவிரல் வெளிய வந்துடுச்சுடா!"

அவன் அழுதான், ஆலோ அழுதாள், முடி வெட்ட வந்தவன் பாதித் தலையோடு நின்று அழுதான். நானும்தான். சொல்வதற்கு என்ன வெட்கம்?

திரும்பவும் மடங்கும், தினமும் செய்ய வேண்டும் என்று கெமுன்டோ சொல்லிவிட்டாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? தினமும் காலையில் என் கண்ணாடி தரையில்தான். "உன் பாதத்துக்கு முகம் பார்த்து முடிஞ்சுதா? நான் பொழப்பைப் பார்க்கணும்" என்று நான் கத்துவேன். "பொறுடா, சுண்டுவிரல் இன்னும் அழகா இல்லை" என்பான். பழைய ஒபூயா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். எரிச்சலும் தணிந்தது.

ஒரு நாள் கெமுன்டோ பார்க்க வந்திருந்தபோது அவன் கேட்டான்.

"பிசியோ அம்மா, என் காலை எரிக்காம, அப்பவே வீட்டுல நல்லபடியா, நேராப் பொதைச்சிருந்தா இந்த வலி வந்திருக்காது இல்ல?"

"வந்திருக்கும்ணே."

"நேரா வெச்சிருந்தாலும்?"

"பட்டுல சுத்தி வெச்சிருந்தாலும் வந்திருக்கும். இந்த வலி மண்ணுல இருந்து வந்ததே இல்லை. மாட்டினப்போ விரல் எப்படி மடங்கிச்சோ, அதைத்தான் மூளை கடைசியாப் பார்த்துச்சு. அதையே புடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

ஒபூயா கண்ணாடியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். கண்ணாடிக்குள் இருந்த காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ ராகோத் ஒண்ணும் பண்ணலை" என்றான்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"காய்க்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை. அவன் என்னைச் செத்தவனாக்கலை. நான்தான் அவனை..." முடிக்க முடியாமல் சட்டைப்பையில் கைபேசியைத் தேடினான்.

அன்று தம்பி லைனில் கிடைக்கவில்லை. தீவில் குன்றின் மேல் ஏறினால்தான் போனில் பேச முடியும். மறுநாள் நடுப்பகலில், கண்ணாடியை இன்னும் நான் மாட்டவில்லை, ஒபூயாவின் போன் அடித்தது. ஏரிக்காரர்கள் போனில் பேசினால் அக்கரைக்கே கேட்கும். தம்பியின் குரலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கூப்பிட்டியாண்ணே?" என்றவன், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், "கால் எப்படி இருக்கு?" என்றான்.

"விரல் விரிஞ்சுடுச்சுடா."

"நெசமாவா?"

"நெசமா. ஓயூகியோட கண்ணாடி வெச்சு... அது பெரிய கதை, நேர்ல சொல்றேன். உன் மேல தப்பு இல்லடா. நான் சொன்னதையெல்லாம் மறந்துடு. வீட்டுக்கு வா."

போனில் குன்றின் காற்று இரைந்தது. பிறகு ராகோத் சிரித்தான். அவன் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"இப்பவே கெளம்புறேன்ணே."

ஒபூயா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஆலோவிடம் மீன் வாங்கச் சொன்னான், தம்பிக்குப் பிடித்த மாதிரி புளிச்ச பால் ஊற்றிச் சமைக்கச் சொன்னான். நாளைக்குக் காலையில் வா என்று சொல்லவில்லை. எங்கள் ஏரியில் பிற்பகலுக்கு மேல் எப்படிப்பட்ட காற்று எழும்பும் என்று அவனைவிடத் தெரிந்தவன் இந்தக் கரையில் யாரும் இல்லை. சந்தோஷத்தில் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

அன்று தீவிலிருந்து கிளம்பியது காய்ந்த ஓமேனா மூட்டைகள் ஏற்றிய ஒரே ஒரு படகு. காற்றுக்கு முந்திவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். நிலம் ஏரிக்குள் நீளும் முனைக்கு இந்தப் பக்கம் வந்தபிறகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களை வேறு படகுக்காரர்கள் தூக்கினார்கள். ராகோத் அவர்களில் இல்லை. வழியெல்லாம் படகில் ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டே, அண்ணன் கூப்பிட்டுவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தானாம். வாயே திறக்காதவன்!

நாங்கள் எல்லாப் படகையும் எடுத்துத் தேடினோம். ஒபூயா ஊன்றுகோலோடு கரையில் நின்றான், உட்காரமாட்டேன் என்றான். "வான்னுதானே சொன்னேன், ஓயூகி. வான்னு சொன்னது தப்பா?" என்று ஒவ்வொரு படகு திரும்பும்போதும் கேட்டான். தப்பில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். என் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. ஏரி ராகோத்தைத் தரவில்லை.

பெரியவர்கள் கூடி, யாகோ வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். காய் பறிக்க ஆள் அனுப்பப் போனபோது ஒபூயா கையைத் தூக்கித் தடுத்தான்.

"வேற காய் வேண்டாம். ஆலோ, குதிருக்குள்ள இருக்கிறதை எடுத்துட்டு வா."

பெரியவர்கள் பதறினார்கள். ஒரு தடவை மண்ணுக்குள் போய் வந்ததை மறுபடி வைக்கக்கூடாது என்றார்கள். அப்படி வைத்தால் குடும்பத்தையே தொடரும் என்றார்கள்.

"தொடரட்டும். அது அவன் கையால பறிச்சது. எனக்காகப் பெட்டியில வெச்சு, மடியில வெச்சுக் கொண்டுவந்தது. அவனுக்கு அதைவிட்டா வேற உடம்பு எங்க இருக்கு?"

பெரியவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஆலோ கொண்டுவந்தாள். காய் உலர்ந்து, லேசாகிப் போயிருந்தது. ஒபூயா ஒற்றைக் காலோடு குழி ஓரத்தில் படுத்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அதை வைத்தான். வைத்ததைச் சரிசெய்தான். மறுபடி எடுத்து, மறுபடி வைத்தான். அழுகைகூட நின்றுபோய் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவனே முதல் பிடி மண்ணைப் போட்டான்.

சாவு வீட்டில் தலை மழிப்பது வழக்கம். மறுநாள் ஒபூயாவுக்கு நான்தான் மழித்தேன். அவன் வீட்டு முற்றத்தில், கண்ணாடி இல்லாமல். கத்தி பின்னந்தலையில் போய்க்கொண்டிருந்தது. அவன் இடது காலை நீட்டி வைத்திருந்த விதத்தைப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"கால் வலிக்கலை. விரலெல்லாம் விரிஞ்சுதான் இருக்கு" என்றான்.

முடி மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அவன் தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"ஓயூகி, நீ பக்கத்துலதான நின்னே. நேரா வெச்சேனா?"

 கத்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நேராத்தான் வெச்சே, அண்ணே" என்றேன்.

என்னைவிட இளையவன் அவன். அதற்கு முன் அவனை நான் அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை.